தண்ணீர் புகாது, நாங்களும் புகக் கூடாதாம்!

மாமாவின் மெஷின் செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. இடம் சிட்னி, பொட்டனி குடாவை ஒட்டிய பிறைற்றன் லெ சாண்ட்ஸ் கடற்கரை. மாமா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். கரையில் அண்மையில் கலியாணம் முடித்த ஒரு சோடி. முதல்நாள் பின்னேரம் தண்ணீருக்குள் பந்தெறிந்து விளையாடியபோது மாப்பிள்ளையின் மோதிரம் விரலால் கழன்று போய்விட்டது. யாரோ சொல்லி மாமாவைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். மாமா காசு வாங்குவதில்லை. மோதிரம் கிடைத்தால் ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான்.

ஐம்பது நிமிடம் தேடினார். ஹெட்ஃபோனில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. முழு இரவும் சார்ஜில் போட்ட பற்றரி ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடல் பெருகத் தொடங்கியது. அடுத்த நாள் வேலை முடித்து வந்து மறுபடி தேடினார். மணல் ஒருநாளில் எவ்வளவோ இடம் மாறிவிடும். அந்த மோதிரம் இன்னும் அந்தக் குடாவுக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது.

இந்தக் கோபத்தில்தான் எழுதத் தொடங்கினேன். கோபம் பற்றரி மேல் இல்லை. பற்றரி சாகும், அது அதன் விதி. செத்த பற்றரியை எடுத்துவிட்டு வேறொன்று போடவிடாமல் பூட்டி வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

மெற்றல் டிடெக்டர் என்றால் விமான நிலையத்தில் உடம்பைத் தடவுகிற கட்டை மட்டும்தான் பலருக்குத் தெரியும். கடற்கரையில் பாவிக்கிறது வேறு மாதிரி. நீண்ட தண்டு, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு கொயில். அது காந்தப்புலம் ஒன்றை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது திருப்பி ஒரு சின்ன சைகை தரும். மேலே ஒரு பெட்டி அதைச் சத்தமாக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். பெட்டிக்கு உயிர் கொடுக்க ஒரு பற்றரி. ஆக, பெட்டியிலிருந்து மூன்று வயர்கள்: கொயிலுக்கு, காதுக்கு, பற்றரிக்கு. கடலுக்குள் ப்ளூடூத் ஹெட்ஃபோன் உதவாது, அந்த அலைவரிசையைத் தண்ணீர் ஒரு சாணுக்குள்ளேயே விழுங்கிவிடும். வயர் இருந்தே ஆகவேண்டும். வயர் எங்கே பெட்டிக்குள் நுழைகிறதோ அங்கேதான் தண்ணீரும் நுழையப் பார்க்கும். பிரச்சினை முழுவதும் இந்த மூன்று ஓட்டைகளில்தான் இருக்கிறது.

கொம்பனிகாரர் (பெயர் வேண்டாம்) கண்ட தீர்வு என்ன தெரியுமா? ஓட்டையை நிரந்தரமாக அடைத்துவிடுவது. ஹெட்ஃபோன் வயர் பெட்டிக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டு எபொக்சி ஊற்றப்பட்டிருக்கிறது. கழராது. பற்றரி தனியாக ஒரு குழாய்க்குள் இருக்கிறது, அந்தக் குழாயின் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. திறக்காது. மாமா மின்னஞ்சல் போட்டார். பதில் வந்தது: புதுப் பற்றரிக் குழாய் 260 டொலர், அனுப்புகிற செலவு 30. உள்ளே பாவனையாளர் பழுதுபார்க்கக் கூடிய பாகங்கள் எவையும் இல்லை, தயவுசெய்து திறக்க வேண்டாம்.

இந்தக் கடைசி வசனத்தை எத்தனை பொருட்களின் முதுகில் பார்த்திருப்பீர்கள்! வாசித்துப் பழகி அது ஏதோ இயற்கை விதி மாதிரி ஆகிவிட்டது. மாமா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பற்றரியே இல்லாத ஊரில நான் ரேடியோ கேட்டனான். பற்றரி உள்ளுக்குள்ள இருக்கேக்கை திறக்காத எண்டு சொல்லுறாங்கள்."

தெரியாதவர்களுக்காகச் சொல்லவேண்டும். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி சொல்லும். செத்த பற்றரியை ஒருவரும் எறிவதில்லை. ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்து, இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்காவது உயிர் எடுப்பார்கள். அந்தக் காலத்துப் பற்றரிக்குள் ஈரக்களி காய்ந்துபோவதும் சாவுக்கு ஒரு காரணம் என்பதால், உப்புத்தண்ணீர் கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும். (இப்போதைய அல்கலைன், லித்தியம் பற்றரிகளுக்கு ஆணி அடித்துப் பார்க்கிற எண்ணம் யாருக்காவது வந்தால் தயவுசெய்து வேண்டாம். கண்ணும் கையும் போகும்.) அப்படி வாழ்ந்த ஒரு மனிதரிடம் போய் "உங்களால் முடியாது, திறக்காதீர்கள்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வாளை எடுத்தார். இரும்பு அறுக்கிற வாள்தான், பயப்படாதீர்கள்.

மூடியை அறுத்துத் திறந்தோம். உள்ளே எட்டு ஏஏ பற்றரி.

ஆமாம், ரிமோட்டுக்குள் போடுகிற அதே அளவு ஏஏ. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை, ஒவ்வொன்றும் 1.2 வோல்ற், எட்டும் வரிசையாகப் பற்றவைத்து நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தது. 9.6 வோல்ற், 1000 மில்லிஅம்பியர்-மணி. கடையில் இதைவிட இரட்டிப்புக் கொள்ளளவுள்ள நல்ல வகை எட்டும் சேர்த்து 40 டொலருக்குள் வாங்கினோம். 260 டொலர் கேட்டது எதற்கு? பற்றரிக்கு 40, ஒட்டிய மூடிக்கு 220. இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

"தண்ணீர் புகாமல் இருக்கவேண்டுமென்றால் ஒட்டத்தானே வேண்டும்?" என்பார்கள். சரி, அந்த வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர்களிடம் இருக்கிற ஒரே வாதம் அதுதான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கரெட் நிறுவனத்தின் ஏரி புரோ என்கிற டிடெக்டர் 2010 இல் வந்தது. பத்து அடி, அதாவது 3 மீற்றர் ஆழம் வரை முழுதாக மூழ்கலாம். பற்றரி? கடையில் வாங்குகிற நாலு ஏஏ. மூடியைத் திறந்து நீங்களே போடலாம். கொயில் வயரும் ஹெட்ஃபோன் வயரும் திருகிக் கழற்றுகிற கனெக்டரில்தான் வருகின்றன. அதே கொம்பனியின் சீ ஹன்ரர் மார்க் 2 என்கிற சுழியோடிகளுக்கான மெஷின் 200 அடி ஆழத்துக்குச் செய்யப்பட்டது. அதற்கும் எட்டு ஏஏ பற்றரி. 200 அடியில் ஒரு பெட்டியை அமுக்குகிற தண்ணீரின் அழுத்தம் நாங்கள் தரையில் உணர்கிற காற்றழுத்தத்தைவிட ஆறு மடங்கு கூடுதல். அந்த ஆழத்துக்குத் திறந்து மூடுகிற மூடி போதுமென்றால், இடுப்பளவு தண்ணீருக்கு எதற்கு ஒட்டு?

சுழியோடிகளின் ரோர்ச் லைற்றைப் பாருங்கள். தண்ணீருக்கடியில் படமெடுக்கிறவர்களின் கமெராக் கூட்டைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் திறந்து மூடுகிற சாமான்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஓ-றிங் என்கிற ஒரு இறப்பர் வளையம். சில சதக் காசு. ஒரு தலைமயிர் அதில் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் வரும், உண்மைதான். அதற்காக ஒவ்வொரு முறையும் துடைத்து மெல்லிசாகக் கிறீஸ் பூசவேண்டும், அதுவும் உண்மை. ஆனால் அதைச் செய்யத் தெரியாத மடையர்கள் என்று வாடிக்கையாளர் எல்லோரையும் முன்கூட்டியே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கு எங்களிடமே 220 டொலர் வாங்குவது என்ன நியாயம்?

பெட்டியில் பெரிதாக ஐபி68 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஐபி67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம். 68 என்றால் அதைவிடக் கடினமான சோதனை, ஆழமும் நேரமும் கொம்பனி சொல்கிறபடி. பரிசோதனை நல்ல தண்ணீரில்தான், கடல் தண்ணீரில் இல்லை. 67 க்கான சோதனையில் இன்னொன்றும் உண்டு: தண்ணீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது ஏன் முக்கியம்? வெயிலில் நின்ற காரின் டிக்கிக்குள் பெட்டி 50 பாகைக்குச் சூடாகிக் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு நேரே 20 பாகைக் கடலுக்குள் இறங்குகிறீர்கள். உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் ஒன்பது வீதமளவு குறைகிறது. அது கிட்டத்தட்ட ஒரு மீற்றர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமம். முழங்கால் தண்ணீரில் நின்றாலும் பெட்டி தானாகவே தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும்! ஒட்டின பெட்டியானாலும் இதுதான் கதை. ஒட்டில் மயிரிழை வெடிப்பு வந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. திறக்கிற பெட்டி என்றால் திறந்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துக் காப்பாற்றலாம். ஒட்டின பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் போனால் சவப்பெட்டிதான்.

எங்கள் பிழையையும் சொல்லவேண்டும். எல்லாம் முதல் தடவையிலேயே வென்றுவிட்டோம் என்று கதைவிட விருப்பமில்லை.

ஹெட்ஃபோன் வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருந்தது. கழராத வயர் என்றால் அறாது என்று அர்த்தமில்லை, பாருங்கள். அறுந்த இடத்தை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றி, ரேப் சுற்றி, மேலே குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனைத் தாராளமாக அப்பினோம். இரண்டு கிழமை வேலை செய்தது. பிறகு ஒரு காது போனது. பிறகு மற்றக் காது. வெட்டிப் பார்த்தால் செப்பு பச்சையாகி, கழுவாத குத்துவிளக்கு மாதிரி இருக்கிறது. அதுவும் பற்றின இடத்தில் மட்டுமில்லை, வயருக்குள் ஐந்து சென்ரிமீற்றர் தூரம்.

இரண்டு பாடம். முதலாவது, காயும்போது வினாகிரி மணக்கிற சிலிக்கோனை வயருக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அந்த மணம் அசெற்றிக் அமிலம், செப்பைத் தின்னும். மணக்காத, நடுநிலை வகை இருக்கிறது, அதுதான் வேண்டும். இரண்டாவது, தண்ணீர் வயரின் வெளித்தோலால் மட்டும் வருவதில்லை. உள்ளே இருக்கிற மெல்லிய இழைகளுக்கிடையில் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஊர்ந்து வரும். வெளியே எவ்வளவு இறுக்கமாகப் பூட்டினாலும் தோலில் ஒரு கீறல் இருந்தால் போதும். மறுமுறை இழைகளுக்குள் ஈயத்தை நன்றாக ஊறவிட்டு அந்த வழியை அடைத்தோம். மேலே உட்பக்கம் பசை பூசிய, சூடாக்கினால் சுருங்குகிற ரியூப். நடுவில் திருகிக் கழற்றுகிற ஐபி68 கனெக்டர் ஒரு சோடி. அதன் ஊசிகளுக்குக் கொஞ்சம் சிலிக்கோன் கிறீஸ். இப்போது ஹெட்ஃபோன் பழுதானால் ஹெட்ஃபோனை மட்டும் கழற்றலாம்.

கனெக்டரைப் பெட்டிக்குக் கிட்டத்தான் வைத்தோம். கொயிலுக்குக் கிட்ட வைத்தால் மெஷின் முதலில் அந்தக் கனெக்டரைத்தான் கண்டுபிடித்துக் கத்தும் :-) கொயில் வயரை நாங்கள் தொடவேயில்லை. அதற்குள் அனுப்புகிற சோடி, வாங்குகிற சோடி, அவற்றைச் சுற்றிக் கவசம் எல்லாம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் தடையோ கொள்ளளவமோ கூடினால் மெஷினின் சமநிலையே குழம்பும். செய்யக் கூடியது எது, கூடாதது எது என்று எங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பற்றரிக்கு, எட்டு ஏஏ போடுகிற பழைய சுழியோடி ரோர்ச் ஒன்றை 25 டொலருக்கு வாங்கினோம். பல்பையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் தடித்த அக்ரிலிக் வட்டம், அதன் நடுவில் வயர் நுழைய ஒரு இறுக்கி. மற்றப் பக்கம் ரோர்ச்சின் சொந்தத் திருகு மூடி, ஓ-றிங்குடன். பற்றரி பழையது எந்த வகையோ அதே வகை, அதே எண்ணிக்கை, அதே வோல்ற். கம்பத்துக்குக் கிட்ட ஒரு சின்ன பியூஸ். நேர், மறை மாறிப் பூட்ட முடியாத கனெக்டர். சார்ஜ் பண்ணுவதென்றால் பற்றரியை வெளியே எடுத்துத்தான். மூடின பெட்டிக்குள் சார்ஜ் பண்ணினால், கூடச் சார்ஜாகிற பற்றரி ஐதரசன் வாயுவை விடலாம். மூடின குழாய், ஐதரசன், ஒரு தீப்பொறி... மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

கடலில் இறக்க முன் பற்றரியே இல்லாமல், உள்ளே ரிஷூப் பேப்பரைச் சுருட்டி வைத்து, கல்லைக் கட்டி, ஒரு முழு இரவு தண்ணீர் வாளிக்குள். காலையில் பேப்பர் சரசரவென்று காய்ந்திருந்தது. மாமா அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தார். இப்போது ஒரு சார்ஜில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். நான் இலத்திரனியல் படிக்கவில்லை, படிக்கிறது வணிகம். கணக்கீட்டு வகுப்பில் சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 16 என்று ஒன்று படிப்பிக்கிறார்கள். ஆதனம், பொறி, உபகரணம் பற்றியது. அதில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு சொத்தின் கணிசமான பாகம் ஒன்றின் ஆயுள் மற்றப் பாகங்களின் ஆயுளோடு ஒத்துப்போகாவிட்டால், அதற்குத் தனியாகப் பெறுமானத்தேய்வு கணக்கிடவேண்டும். வழக்கமாகச் சொல்கிற உதாரணம் விமானம்: உடம்புக்குத் தனிக் கணக்கு, எஞ்சினுக்குத் தனிக் கணக்கு. எஞ்சின் தேய்ந்தால் விமானத்தை எறிய மாட்டார்கள் என்பது கணக்காளருக்கும் தெரிந்த விடயம்.

மாமாவின் மெஷினுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புதிதாக வாங்கியது 1,500 டொலருக்கு. உடம்பும் சுற்றும் 15 வருடம் தாங்கும் என்று வைப்போம், பற்றரி 4 வருடம். உடம்புக்கு வருடம் 100 டொலர். பதினைந்து வருடத்தில் மூன்று முறை பற்றரி மாற்றவேண்டும். நாங்களே மாற்றினால் 120 டொலர், வருடத்துக்கு 8. ஆக 108. கொம்பனியிடம் அனுப்பினால் மூன்று தரம் 290, அதாவது 870, வருடத்துக்கு 58. ஆக 158. "பழசுக்கு எதற்கு இவ்வளவு" என்று நாலாம் வருடம் எறிந்துவிட்டுப் புதிது வாங்கினால் வருடத்துக்கு 375. கொம்பனி எந்த எண்ணை விரும்பும் என்று சொல்ல வணிகம் படித்திருக்கத் தேவையில்லை. தன் தொழிற்சாலையின் பொறிகளுக்குப் பாகம் பாகமாகப் பெறுமானத்தேய்வு போடுகிற அதே கொம்பனி, எங்களுக்கு விற்கிறபோது மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டித் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அவுஸ்திரேலியாவின் நுகர்வோர் சட்டம் 2011 ஆரம்பத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 58 ஆம் பிரிவின்படி, உதிரிப் பாகமும் பழுதுபார்க்கிற வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைப்பதற்கு உற்பத்தியாளர் நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த உட்பிரிவில் ஓட்டை: வாங்க முன்னமே "கிடைக்காது" என்று எழுத்தில் அறிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. விலை பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. 260 டொலருக்குக் குழாய் விற்பதும் "கிடைக்கிறது" என்பதில் அடங்கிவிடும். கார்களுக்கு மட்டும் 2022 யூலை 1 முதல் தனிச் சட்டம் வந்து, பழுதுபார்க்கிற தகவல்களை வெளிக் கராஜ்காரருக்கும் கொடுக்கவேண்டும் என்று ஆனது, விலைக்கென்றாலும். கார் கராஜ்காரருக்குச் சங்கம் இருக்கிறது, குரல் இருக்கிறது. கடற்கரையில் தண்டு பிடித்துக்கொண்டு நடக்கிற கிழவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஐரோப்பியர்கள் கொஞ்சம் முன்னுக்கு. 2023 இல் நிறைவேற்றிய பற்றரி ஒழுங்குவிதியின் 11 ஆம் உறுப்புரைப்படி, 2027 பெப்ரவரி 18 முதல் சிறு சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக் கூடியதாக இருக்கவேண்டும். நல்ல சட்டம் என்று துள்ளிக் குதித்து அடுத்த பந்தியை வாசித்தால்... தண்ணீர் தெறிக்கிற, ஓடுகிற, மூழ்குகிற இடத்தில் முக்கியமாகப் பாவிப்பதற்கென்றே செய்து, கழுவக் கூடியதாகவும் இருக்கிற சாதனங்களுக்கு விலக்கு! அவற்றின் பற்றரியைத் தொழில்முறைத் திருத்துநர் மட்டும் கழற்றினால் போதுமாம். பாவனையாளரின் பாதுகாப்புக்கும் சாதனத்தின் பாதுகாப்புக்கும் அது தேவை என்றால் மட்டுமே இந்த விலக்கு என்று ஒரு வசனம் சேர்த்திருக்கிறார்கள். அந்த வசனத்தில்தான் சண்டை நடக்கப்போகிறது. "பாதுகாப்பு" என்று சொல்லிக்கொண்டு எல்லாக் கொம்பனியும் அந்தக் கதவால் வரிசையில் வரும். 200 அடிக்கு ஏஏ பற்றரி போட்ட மெஷின் ஒன்று விற்பனைக்கு வந்த உலகத்தில், தண்ணீரைக் காட்டி விலக்குக் கேட்க அவர்களுக்கு வெட்கமாக இருக்கவேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஒன்று. லித்தியம். புது மெஷின்கள் பலதில் லித்தியம்-அயன்தான். 3.7 வோல்ற் என்று எழுதியிருக்கும், முழுச் சார்ஜில் 4.2 வரை போகும். மூன்றை வரிசையாக வைத்தால் 12.6. 9.6 வோல்ற் மெஷினில் இதைக் கொண்டுபோய்ப் பூட்டுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள், "வோல்ற் கூடினால் ஆழம் கூடும்" என்ற நம்பிக்கையில். பெரும்பாலான மெஷின்களுக்குள் வோல்ற்றை ஒரே அளவில் வைத்திருக்கிற சுற்று இருக்கிறது. மேலதிக வோல்ற் அங்கே வெறும் சூடாகப் போகும், ஆழம் ஒரு சென்ரிமீற்றரும் கூடாது. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் மூடின குழாய்க்குள் உப்புத்தண்ணீரோடு சேர்ந்தால் வாயுவும் நெருப்பும்தான். அதையும் செய்துவிட்டு "நானே மாற்றினேன்" என்று மார்தட்டுகிறவர்கள் கொம்பனியின் வழக்கறிஞருக்கு இலவசமாக வேலை செய்கிறார்கள். ஆனால் இந்த ஆபத்துக்கும் பதில் ஒட்டு அல்ல. பாதுகாப்புச் சுற்றோடு, தனிக் கூட்டுக்குள், மாறிப் பூட்ட முடியாத கனெக்டரோடு பற்றரியைக் கழற்றக் கூடியதாகச் செய்து விற்கலாம். கையடக்கத் துளை மெஷின் விற்கிறவர்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

இன்னொரு இடம் இருக்கிறது, அங்கே யாரும் தன்னிஷ்டத்துக்குக் கைவைக்கக் கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். கண்ணிவெடி அகற்றுகிற இடம். முகமாலையில் முழங்காலில் இருந்து நிலத்தைத் துழாவினவர்கள் எங்கள் சனம்தான், அதில் பெண்கள் நிறையப் பேர். அங்கே மெஷின் ஒரு நிமிடம் ஏமாற்றினால் போவது மோதிரம் இல்லை, கால். ஆனால் அந்த வேலைக்கென்று செய்த மெஷின்களை எடுத்துப் பாருங்கள். உலகம் முழுக்கப் பாவித்த ஒஸ்ரியாவின் ஷீபெல் ஏஎன்-19, மைன்லாப் எஃப்3, இரண்டுக்கும் பற்றரி என்ன? நாலு டி அளவு பற்றரி. எங்கள் ஊர்க் கடையில் ரோர்ச்சுக்கு வாங்குகிற பெரிய பற்றரி. ஒட்டும் இல்லை, 260 டொலர் குழாயும் இல்லை. காரணம் லேசானது: காட்டுக்குள் பற்றரி இறங்கினால் பக்கத்துக் கிராமத்தில் வாங்கி மாற்றிவிட்டு வேலையைத் தொடரவேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட மெஷினைச் செய்தவர்களுக்கு, கழற்றக் கூடிய பற்றரிதான் பாதுகாப்பு என்று பட்டிருக்கிறது. பொழுதுபோக்கு மெஷின் விற்கிறவர்களுக்கு அதே பற்றரி ஆபத்தாகத் தெரிகிறது.

மாமா வெட்டின பழைய குழாயை எறியவில்லை. அதையும் எட்டுப் பற்றரியையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு, 58 ஆம் பிரிவின் நகலோடு சேர்த்து மாநில நுகர்வோர் அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறார். கடிதம் எழுதுகிற வேலை என் தலையில். முதல் வரைவில் இரண்டு "தயவுசெய்து" இருந்தது. ஒன்றை வெட்டச் சொல்லிவிட்டார். மற்றதைப் பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.